ஒரு தண்டலுக்கு ஒரு சீட்டி

"இன்னைக்காவது அடிச்சிருங்க, தண்டல்," என்றார் தொம்மை.

"என்னத்த?"

"சீட்டியத்தான்."

கஸ்பார் சுக்கானில் சாய்ந்தபடி கடலைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. காற்று நின்று போய் அன்றைக்கு ஐந்தாவது நாள்.

"பொறுங்க, அண்ணாச்சி," என்றார்.

தூத்துக்குடியிலிருந்து பாய்மரத் தோணிகள் மாலத்தீவுக்கு ஓடிய காலம் அது. தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். அவர் சொன்னால் பாய் ஏறும், அவர் சொன்னால் இறங்கும்.

கஸ்பார் தண்டலுக்கு முப்பத்தெட்டு வயது. தொம்மைக்கு ஐம்பத்திரண்டு. அடுத்த பருவத்தில் தொம்மைக்கே ஒரு தோணியைக் கொடுப்பதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். "அதுக்கு முன்ன கஸ்பார்கிட்ட ஒரு நடை போய்ட்டு வாறேன்" என்று தொம்மையே வலிய வந்து ஏறினார். பதினாலு வயது சின்னவரிடம் பாடம் கேட்க வெட்கப்படாத மனுஷன். அதற்கே அவரை எனக்குப் பிடிக்கும்.

இனி சீட்டி விஷயம்.

தோணியில் யாரும் சீட்டி அடிக்கக் கூடாது. அடித்தால் புயலை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. தண்டலுக்கு மட்டும் விலக்கு உண்டு. காற்று செத்துக் கிடக்கும்போது தண்டல் அணியத்தில், அதாவது தோணியின் முன்முனையில், நின்று சீட்டி அடித்தால் காற்று வரும்.

ஆனால் ஆயுளுக்கு ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை அடித்தால் கடல் காதில் வாங்காது.

நம்பாதவர்கள் கரையில் உட்கார்ந்துகொண்டு தாராளமாக நம்பாமல் இருக்கலாம். அந்தத் தோணியில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

கஸ்பார் தண்டலாகிப் பதினோரு வருஷம். இன்னும் சீட்டி அடிக்கவில்லை. அவருடைய ஆட்களுக்கு இதில் இருந்த திமிரைச் சொல்லி முடியாது. வேறு தோணிக்காரர்கள் தாங்கள் பட்ட பாட்டை அளந்தால், கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க தண்டலுக்குச் சீட்டி அப்படியே இருக்குவே" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போவார்கள்.

அந்த ஐந்து நாளில் மற்ற எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பாய்மரத்தைக் குளிப்பாட்டியாயிற்று. பனிமய மாதாவுக்கு ஆளுயர மெழுகுதிரி நேர்ந்தாயிற்று. எவனோ பானையைக் கவிழ்த்து வைத்ததால்தான் காற்று நின்றது என்று சமையல்காரரோடு சண்டையும் போட்டாயிற்று. ஏற்றிய வெங்காயம் அழுகி நாற ஆரம்பித்தது. குடிதண்ணீர் காலையில் தேங்காய்ச் சிரட்டையில் அரை, சாயங்காலம் அரைச் சிரட்டை.

மிச்சம் இருந்தது சீட்டி ஒன்றுதான்.

"ஒங்களுக்கு மனசு வரலன்னா நான் அடிக்கேன்," என்றார் தொம்மை. "என் சீட்டிக்கு மேகத்துக்குள்ள போன புறாவும் எறங்கி வரும்."

அது பொய்யில்லை. அவர் மாடியில் புறா வளர்த்தார். அவர் சீட்டி அடித்தால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களும் வானத்தைப் பார்ப்பார்கள்.

"ஒங்களுக்கு இன்னும் தோணி வரல, அண்ணாச்சி," என்றார் கஸ்பார். "வந்தபெறகு அது ஒங்க சீட்டி. இப்பம் இது என் தோணி."

ஆறாம் நாள் விடிந்ததும் கஸ்பார் சின்ன வள்ளத்தைக் கடலில் இறக்கச் சொன்னார். வள்ளத்திலிருந்து தோணியின் அணியத்துக்கு வடம் கட்டினார்கள்.

"நாலு பேரு துடுப்புப் போடுங்க. பெறகு ஆள் மாத்திக்கிடலாம்."

"எங்க இழுக்க?"

"தெக்க. அங்க தண்ணி கொஞ்சம் கறுத்துக் கெடக்கு. காத்து அங்கன நடமாடுது."

எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. கடலில் தூரம் கேட்கக் கூடாது. அதுவும் ஒரு வழக்கம்தான்.

நிறைந்த தோணியை நாலு துடுப்பால் இழுப்பது என்றால் சும்மாவா? வெயில் ஏறும்வரை இழுத்தார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இழுத்தார்கள். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது.

வள்ளத்தில் சிலுவை என்று ஒருவன் இருந்தான். தோள் பலம் உள்ளவன், வாய் அதைவிடப் பலம்.

"தண்டல் வாயக் குவிக்காரான்னு பாருங்கவே," என்பான்.

"இல்ல," என்பார்கள் மற்றவர்கள்.

"அப்பம் கஷ்டம் இன்னும் வரல. இழுங்க."

சிரிப்பார்கள். இழுப்பார்கள்.

தொம்மையும் முறை வந்தபோது துடுப்புப் பிடித்தார். இந்தப் பேச்சைக் கேட்டார். அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏழாம் நாள் காலையில் ரெமிஜி என்பவன் துடுப்பின் மேலேயே சரிந்து விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. அவனைத் தூக்கிப் பாயின் நிழலில் கிடத்தினார்கள்.

தொம்மை நேராகச் சுக்கானுக்குப் போனார். குரலை ஏற்றிவிட்டார்.

"மனுசன் சாவப்போறான், தண்டல். அந்தச் சீட்டியப் பொத்திப் பொத்தி வச்சு என்ன செய்யப்போறீங்க? எல்லாம் வெறும் பெரும."

"ஆமா," என்றார் கஸ்பார். "பெருமதான்."

பிறகு கஸ்பாரே கேட்டார்.

"யாராவது சீட்டி அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா, அண்ணாச்சி?"

"பாக்காம? இஞ்ஞாசி தண்டல் அடிச்சாரு. பதினெட்டு வருசம் ஆச்சு. நான் பக்கத்துல நின்னேன். இதே மாதிரி காத்து செத்து அஞ்சாம் நாள்."

"காத்து வந்துச்சா?"

"வராம? மறுநாள் மத்தியானம் அருமையான காத்து."

"பாய் ஏத்துனீங்களா?"

தொம்மை பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏத்துனீங்களா, அண்ணாச்சி?"

"மூணு பேருதான் எந்திரிச்சோம். மூணு பேரால அந்தப் பாயத் தூக்க முடியல. காத்து வந்துச்சு, போயிருச்சு."

"மத்தவங்க?"

"படுத்துட்டானுவ. சீட்டி அடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் வானத்தப் பாத்தானுவ. வரலன்னதும் படுத்துட்டானுவ."

"தண்ணி தீந்துபோச்சோ?"

"இல்ல," என்றார் தொம்மை. "தண்ணி இருந்துச்சு."

கஸ்பார் சுக்கானை விட்டு நகர்ந்தார். தன் பங்கு அரைச் சிரட்டைத் தண்ணீரை எடுத்துப் போய் ரெமிஜியின் வாயில் விட்டார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றினார்.

"சுக்கானப் பிடிங்க, அண்ணாச்சி."

"நீங்க எங்க?"

"ஒரு துடுப்பு சும்மா கெடக்குல்லா?"

தண்டல் துடுப்புப் பிடிப்பது அந்தத் துறைமுகத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி. வள்ளத்தில் அவர் இறங்கியதும் எல்லோரும் துடுப்பை நிறுத்திவிட்டார்கள். சிலுவை மட்டும் அவர் முகத்துக்குக் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தான்.

"வாயி நல்லா எறுக்கி மூடித்தாம்வே இருக்கு," என்று கத்தினான். "இழுங்க!"

சுக்கானைப் பிடித்து நின்ற தொம்மைக்கு வள்ளத்தில் எழுந்த சிரிப்பு கேட்டது. இந்தத் தடவை அவருக்கு எரிச்சல் வரவில்லை.

அன்று முழுக்க இழுத்தார்கள். எட்டாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் இறக்கி வைத்திருந்த பாயின் ஓரம் அசைந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு வள்ளத்திலிருந்தவர்கள் துடுப்பைப் போட்டுவிட்டு வடத்தைப் பிடித்துத் தோணிக்கு ஏறினார்கள்.

தண்டலோடு ஒன்பது பேர். ஒன்பது பேரும் பாய்க்கயிற்றில் கை வைத்தார்கள். நிற்க முடியாத ரெமிஜி உட்கார்ந்தபடியே கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டான். தோல் உரிந்த கைகளால் அந்தப் பாயை அவர்கள் ஏற்றினார்கள்.

அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் சிலுவையைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ஏழு நாளு காத்தில்ல. எங்க தண்டலு சீட்டி அடிக்கலவே!" என்று கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ரெமிஜி எழுந்து நடமாடியதும் அவனும் கூடச் சேர்ந்துகொண்டான்.

அடுத்த பருவம் தொம்மைக்குத் தோணி வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் கஸ்பாரைத் தேடி வந்தார். கஸ்பார் கரையில் தனியாக உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கரையில அடிச்சா குத்தமில்லையே, தண்டல்?"

"என்னத்த?"

"சீட்டியத்தான். கரையில அடிச்சா அந்த ஒண்ணுல சேராதுல்லா?"

"சேராது."

"அப்பம் எனக்கு ஒரே ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்க. இத்தன வருசம் பொத்தி வச்ச சீட்டி எப்படி இருக்கும்னு கேட்டுட்டுப் போறேன்."

கஸ்பார் அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. கயிற்றைக் கீழே வைத்தார். உதட்டைக் குவித்து ஊதினார்.

வெறும் மூச்சுதான் வந்தது.

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு இன்னொரு தடவை ஊதினார். மூச்சோடு கொஞ்சம் எச்சிலும் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையிலேயே எனக்கு வராது, அண்ணாச்சி."

தொம்மை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சட்டென்று சிரிப்பு நின்றது.

"எனக்கு நல்லா வருமே!" என்றார்.

கஸ்பார் எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

"அப்பம் ஒங்க பாடுதான் கஷ்டம், தண்டல்."