தளவாயை வெயிலில் நிறுத்திய செண்பகக் கன்றுகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொடிமாநல்லூர் என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட கோதண்டபூபதி ராஜாவுக்குக் காலையில் தோன்றுவது மாலைக்குள் நடந்தாக வேண்டும். அரண்மனைத் தோட்டக்காரி சிலம்பாயிக்கு அது தீராத தலைவலி.

அந்தப் பங்குனியில் அவள் கீற்றுப் பந்தலுக்குள் இருநூறு செண்பகக் கன்றுகளைச் சட்டியில் வளர்த்திருந்தாள். இனி வெயில் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு நாழிகை வெளியே வைத்து, மறுநாள் இரண்டு நாழிகை வைத்து, இப்படிப் பத்து நாள் கூட்டிக்கொண்டே போய்த்தான் தரையில் நட வேண்டும்.

ராஜா ஒருமுறை அவளைப் பாராட்டியது தளவாய் திம்மப்பனுக்குப் பொறுக்கவில்லை. "சோம்பேறி, நாள் கடத்துகிறாள்" என்று வத்தி வைத்தான். ராஜாவும் உடனே நடச் சொல்லிவிட்டார். அவள் வாய்க்காலுக்குப் போன நேரம் பார்த்து, தளவாயின் ஆட்கள், அவள் திரும்பி வந்து தடுப்பதற்குள், நூறு கன்றுகளை வெட்டவெளியில் நட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் நூறும் கருகின.

சிலம்பாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் அடங்குமுன் காவலர்கள் அவளைச் சபைக்கு இழுத்துப் போனார்கள்.

"கன்றுகளுக்கு இவள்தான் ஏதோ விஷம் வைத்திருக்கிறாள். வெயில் யாரைக் கொல்லும்?" என்றான் தளவாய்.

"இவள் வலது கையை வெட்டுங்கள்" என்றார் ராஜா.

"வெட்டுங்க மகாராஜா" என்றாள் சிலம்பாயி. "அதுக்கு முன்னாடி தளவாய் ஐயா கன்னுங்க கருகின இடத்துல, உச்சிவேளையில, குடையில்லாம வெறுங்காலோட ரெண்டு நாழிகை நிக்கட்டும். நின்னுட்டா ரெண்டு கையையும் எடுத்துக்குங்க."

தளவாய் குடையில்லாமல் பல்லக்கை விட்டு இறங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் சபை முன்னால் மறுக்க முடியவில்லை. உச்சிவேளையில் ராஜாவும் சபையும் தோட்டத்துக்கு வந்து பார்க்க, கருகிய கன்றுகளுக்கு நடுவே போய் நின்றான். கால் நாழிகையில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளினான். அரை நாழிகையில் மயங்கி விழுந்தான்.

"அதோ, அதே வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றார் ராஜா.

"அவன் சின்ன வயசுலேருந்து கொஞ்சங்கொஞ்சமா வெயில் பழகினவன். இவரு பந்தலுக்குள்ளயே வளந்தவரு. என் கன்னுங்களும் அப்படித்தான் இருந்துச்சு."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்ன பரிசு வேண்டும், கேள்."

"மீதி நூறு கன்னு இருக்கு. பத்து நாளைக்கு யாரும் தோட்டத்துல கால் வைக்கக் கூடாது. தளவாய் மட்டும் சட்டி தூக்க வரட்டும். மொத நாள் ஒரு நாழிகைதான், பயப்பட வேண்டாம்."

சபை சிரித்தது, ராஜாவும் சிரித்தார். சிலம்பாயி சிரிக்கவில்லை.

"நீங்களும் வரக் கூடாது மகாராஜா. நடச் சொன்னது நீங்கதான்."

ராஜா தோட்டத்தை விட்டு வெளியே நடந்தார். அவள் வாசல் படலைச் சாத்தினாள்.