கன்னத்து நிழல்

புதுச்சேரியில், கல்லில் வரைந்த படத்தைத் தாளில் அச்செடுக்கும் கல்லச்சுக்கூடம் வைத்திருந்த மதலேனம்மாளிடம் மாணாக்கராக வந்து சேர்ந்த ஏகாம்பரத்துக்கு வயசு ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! காலமெல்லாம் செக்காட்டி, உள்ளங்கையில் எண்ணெய் ஊறிப்போன மனுஷர். ஒரே மகன் வைத்தியை வாந்திபேதிக்குப் பறிகொடுத்திருந்தார். அவன் முகம் மறந்துபோவதற்குள் அதைக் கல்லில் வரைந்துவிட வேண்டும் என்று வந்து நின்றார்.

அம்மாள் கப்பலில் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைக் காட்டினாள். கழுத்துத்துணி அவிழ்ந்த வாலிபன் ஒருவன். சட்டைக்கு நாலே கோடு. கன்னத்தில் கோடே கிடையாது, மெல்லிசான நிழல்தான்.

"கோடு எனக்கு வருதும்மா. இந்த நிழல்தான் வரமாட்டேங்குது. எப்படிப் போடறது?"

"வரையற மைக்குச்சியை அழுத்தாதீங்க ஐயா. கல்லைக் கையால தொடாதீங்க. எண்ணெய் பட்ட இடமெல்லாம் மை பிடிச்சுக்கும்."

பத்து நாள் வரைந்தார். மூக்கு, புருவம், மோவாய் எல்லாம் அச்சு அசல் வைத்தி. நிழல் போடப் பயந்து கன்னத்தை வெறுமனே விட்டுவிட்டார்.

கல்லில் மையுருட்டித் தாளில் அச்செடுத்தார்கள். மகனின் கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"ஐயோ, பாழாப்போச்சே!"

"தொட்டீங்களா?"

"தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை... தடவிக் குடுத்துட்டுத்தான் போவேன். பாவி, என் கையே அவனைக் கெடுத்துடுச்சே!" தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். "தேய்ச்சு எடுத்துடுங்கம்மா. என்னால பார்க்க முடியல."

அம்மாள் கல்லில் மணலும் தண்ணீரும் விட்டு, மேலே இன்னொரு கல்லை வைத்துத் தேய்த்தாள். மூக்கு போனது. கண் போனது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி மையுருட்டி ஒரு தாளில் அச்செடுத்தாள்.

ஒரு கோடுகூட இல்லை. தாளின் நடுவில் அந்தத் தீற்றல் மட்டும், இப்போது மெல்லிசாக, கன்னத்தின் வளைவோடு கிடந்தது.

"எல்லாம் போச்சு. இது மட்டும் ஏன் போகல?"

"கோடு மேலாப்புல இருந்துச்சு. உங்க கை எண்ணெய் உள்ளே இறங்கிடுச்சு."

ஏகாம்பரம் கண்ணை மூடிப் பார்த்தார். மகனின் முகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. அப்படியே கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

"இது எப்பத்தான் போகும்மா?"

மதலேனம்மாள் மணல் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் நாலு தடவை தேய்ச்சா போயிடும் ஐயா. தேய்க்கட்டுமா?"

ஏகாம்பரம் கல்லின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார்.