மஞ்சள் போகக் கூடாத குழி

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. வயது முப்பத்துமூன்று, பெயர் ஜெசிந்தா. சிங்காநல்லூரில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தாள். தாடி சீடருக்குத்தான் இருந்தது, அதுவும் பாதி நரைத்த தாடி. அவர் பெயர் மருதாசலம். இருபத்தைந்து வருடம் பீரோவுக்குப் பெயிண்ட் அடித்தவர். பீரோ கம்பெனியை மூடியதும் இங்கே வந்து சேர்ந்து, தொழிலை முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

அந்த வாரம் பல் டாக்டர் துரைமாணிக்கத்தின் ஸ்போர்ட்ஸ் கார் வந்திருந்தது. தரையோடு தரையாகக் கிடக்கும் மஞ்சள் வண்டி. சக்கரங்கள் மட்டும் வெள்ளி நிறம். அவற்றையும் வண்டியின் மஞ்சளுக்கே மாற்றிவிட வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. ஜெசிந்தா இரண்டு நாள் மெனக்கெட்டு அந்த மஞ்சளைக் கலந்து எடுத்தாள்.

"நாலு சக்கரத்தையும் நீங்களே அடிச்சிருங்கண்ணா," என்றாள். அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவள் திண்டுக்கல் போக வேண்டியிருந்தது. "சக்கரத்த வண்டியோட பூட்டற நட்டு உக்கார்ற குழிய மட்டும் ரப்பர் வெச்சு அடைச்சிருங்க. அதுக்குள்ள பெயிண்ட் போகக் கூடாது."

"ஆகட்டுங்க மாஸ்டர்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நரைத்த தாடியை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி ஏன் ஏன் என்று கேட்க அவருக்குக் கூச்சம்.

பீரோத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெயிண்டரின் லட்சணத்தை லாக்கருக்குள் கையை விட்டுத்தான் பார்ப்பார்கள். யார் கண்ணிலும் படாத மூலையிலும் பெயிண்ட் ஏறியிருந்தால்தான் அவன் வேலைக்காரன். மருதாசலம் அதில் பெயரெடுத்தவர். மஞ்சள் சக்கரத்தில் வெள்ளிக் குழிகள் அவர் கண்ணை உறுத்தின. அரைகுறை வேலை என்று தோன்றியது. ரப்பர்களைப் பிடுங்கினார். ஒவ்வொரு குழிக்குள்ளும் பொறுமையாக மூன்று கோட் அடித்தார். மாஸ்டர் வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்தார், பாவம்.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மருதாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மத்தியானம் அம்மாவக் கூட்டிட்டுக் கோத்தகிரி போறேன். மலை ஏறினாத்தான் இந்த வண்டிக்கு அழகு," என்று சொல்லிக் கிளம்பினார்.

பத்து மணிக்கு ஜெசிந்தா ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். மருதாசலம் பாராட்டுக்கு அடிபோட்டபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"மாஸ்டர், அந்தக் குழிய எதுக்குங்க அடைக்கச் சொல்றீங்க? பெயிண்ட் போனா என்னவாம்?"

ஜெசிந்தா பெயிண்ட் அடித்த பழைய தகடு ஒன்றை எடுத்தாள். அதன் ஓட்டையில் ஒரு போல்ட்டைச் சொருகி, நட்டைப் போட்டு, ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க பலத்துக்கு முறுக்குங்கண்ணா."

முறுக்கினார். அவள் தகட்டைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினாள். நிறுத்தாமல் ஐந்து நிமிடம் தட்டினாள். பிறகு தகட்டை அவரிடம் நீட்டினாள்.

"இப்பக் கையில திருப்பிப் பாருங்க."

நட்டு சுலபமாகச் சுழன்றது. அடியில் இருந்த பெயிண்ட் நசுங்கித் தூளாகி உதிர்ந்தது.

அப்படியானால் ஓடுகிற வண்டியில் சக்கரமே கழன்றுவிடும் என்று மருதாசலத்துக்கு உறைத்தது.

"ரப்பர் வெச்சீங்கல்ல?" என்றாள் ஜெசிந்தா.

"வெச்சனுங்க மாஸ்டர்."

வாய் முந்திக்கொண்டது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு தொழிலை எங்கே போய்க் கற்பது? அவள் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் ஒரு பம்பரைத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார். மணி பதினொன்றானது. நட்டெல்லாம் நன்றாகத்தானே முறுக்கினோம், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை. பதினொன்றரை. டாக்டரின் அம்மா இந்நேரம் புடவை மாற்றிக்கொண்டிருப்பார். அந்த வண்டியில் ஏற அந்த அம்மாள் எவ்வளவு குனிய வேண்டியிருக்கும் என்று ஏனோ யோசித்தார். உப்புத்தாள் நழுவி விழுந்தது.

பன்னிரண்டுக்கு எழுந்து ஜெசிந்தாவிடம் போனார்.

"மாஸ்டர், பொய் சொல்லிப் போட்டனுங்க. நாலு சக்கரத்துலயும் குழிக்குள்ள அடிச்சிருக்கறனுங்க. மூணு கோட்டு."

ஜெசிந்தாவின் முகம் வெளுத்தது. அவள் திட்டவில்லை. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். வீட்டு நம்பருக்குப் போட்டாள். இப்போதுதான் கிளம்பினார்கள் என்றாள் வேலைக்காரம்மாள்.

"ஜாக்கி, ஸ்பேனர், கத்தி. எடுத்துட்டு வாங்கண்ணா."

ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். பின்னால் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மருதாசலம் உட்கார்ந்திருந்தார். மேட்டுப்பாளையம் சாலையில் எங்கே கூட்டம் தெரிந்தாலும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு கூட்டம் கோவில் பந்தல். இன்னொன்று பஸ்ஸுக்கு நின்றவர்கள். காரமடைக்கு அருகே ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு எதிரே வந்து கடந்து போனது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார்.

கோத்தகிரிச் சாலை மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஓர் இளநீர்க் கடை ஓரமாக அந்த மஞ்சள் நின்றது.

டாக்டரின் அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, நீங்களா! கொஞ்ச நேரமா ஸ்டீயரிங் லேசா ஆடுது. கோத்தகிரியில யார்கிட்டயாவது காட்டிக்கலாம்னு இருந்தேன். அம்மா தாகமா இருக்குன்னாங்க, நிறுத்தினேன்."

மருதாசலம் முன்சக்கரத்தருகே குந்தினார். ஸ்பேனரை எடுக்கவில்லை. நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. மூன்றாவது நட்டு அவர் உள்ளங்கையிலேயே வந்து விழுந்தது.

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"யார் செஞ்ச வேலை இது?"

மருதாசலம் எழுந்து நின்றார்.

"நானுங்க சார். அடிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டுத்தான் போனாங்க. நாந்தான் அடிச்சேன்."

டாக்டர் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்து நின்றார். டாக்டர் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் இளநீர் வழுக்கையைச் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இருவரும் சக்கரம் சக்கரமாகக் கழற்றினார்கள். மருதாசலம் கத்தியால் குழிகளைச் சுரண்டினார். மஞ்சள் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. உள்ளே வெள்ளி தெரியும்வரை விடவில்லை. ஜெசிந்தா ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நட்டை முறுக்கினாள். நான்கும் முடிந்ததும் டாக்டர் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கமே வண்டியைத் திருப்பினார். மாட்டு வண்டி வேகத்தில் போனார்.

மருதாசலம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்தப் பயம் எப்பத்தானுங்க போகும்?"

"எந்தப் பயம்ணா?" என்றாள் ஜெசிந்தா. "பட்டறையில ரெண்டு மணி நேரம் இருந்துச்சே, அதா? இப்ப இருக்கறதா?"



"அது... நீங்க வேலைய விட்டுத் தொரத்திருவீங்கன்னு இருந்ததுங்க. ஸ்கூட்டர்ல ஏறினப்பவே அது போயிருச்சுங்க மாஸ்டர். தொரத்தினாலும் செரிதான்."

"இது?"

"அந்தம்மாவுக்குத் தாகம் எடுக்காம இருந்திருந்தா..."



ஜெசிந்தா ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினாள்.

"திங்கக்கெழம வேலைக்கு வந்துருங்கண்ணா. வரும்போது இப்ப இருக்கற இந்தப் பயத்தையும் கூட்டிட்டு வாங்க."