ஆயிரத்து இருநூறாவது மீட்டரில் ஒரு மரக்கட்டை

துளையிடும் தொழிலாளி சடையாண்டிக்கு நடந்தவை இவை. முதலில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்து விளக்கம் கேட்டார்கள். அதற்கும் அடுத்து, அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் படிக்காமலே கோப்பில் கோத்தார்கள். தண்டனை முன்னால், கேள்வி பின்னால். நம் அலுவலகங்களில் இந்த வரிசை மட்டும் தவறுவதே இல்லை.

குற்றச்சாட்டு இதுதான்: ஆழ்துளையிலிருந்து உருளை உருளையாக எடுத்த கல்லில், ஆயிரத்து இருநூறாவது மீட்டரில் இரண்டு மீட்டர் காணவில்லை, அதை அவர் மறைத்துவிட்டார். கல் நொறுங்கி வராமல் போன இடத்தில், பெட்டிக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அதில் ஆழத்தை எழுதுவது வழக்கம். பெட்டியில் கட்டை இல்லை.

விசாரணை பத்து மணிக்கு, கல் பெட்டிகள் அடுக்கிய கிடங்கிலேயே. ஒன்பதரைக்குப் புவியியலாளர் திருமாறன் வியர்த்துப்போய் வந்தான். பாறையைப் படிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்த யூனிஸ், அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கட்டையை எடுத்தது நான்தான். ஆறு வருஷம் முன்னாடி. போட்டோ எடுக்கும்போது துருத்திக்கிட்டு இருந்துச்சு. கல்லைச் சேர்த்து வெச்சுட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

"எப்போ ஞாபகம் வந்துச்சு?"

அவன் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். விசாரணை அதிகாரி இல்லை, டீ கொண்டுவந்தவர்.

"அங்கே பாறை நொறுங்கியிருந்தா, அடியாழத்துப் பாறை உடையாம மேலே வந்துச்சுன்னு நான் ஆய்வுல எழுதினது எல்லாம் போச்சு மேடம். பட்டம், வேலை, எல்லாம். என்ன செய்யட்டும்?"

"கட்டைக்கு ரெண்டு பக்கமும் இருந்த கல்லைச் சேர்த்துக் காட்டு."

சேர்த்தான். முனைகள் பொருந்தவில்லை. ஒன்றைத் திருப்பி வைத்தான். மறுபடி திருப்பினான்.

"தேஞ்சிருக்கும் மேடம்."

"ஆமா. நீ தினமும் தடவிக் கொடுத்திருப்பே. நடுவுல என்ன இருந்துச்சு?"

"தெரியாது."

"அதை எழுத என்ன பயம்? இருபத்தாறு வருஷமா அறிக்கை எழுதுறேன். தெரியாதுன்னு எழுதின இடத்துல மட்டும்தான் யாரும் இதுவரை என்னைத் திருத்தலை."

பெட்டி மூடியின் மேல் தாளை வைத்து அவன் எழுதினான். முடிக்கும்போது அதிகாரி வந்துவிட்டார். பின்னால் சடையாண்டி. சாட்சிக்குத் துளையிடும் தொழிலாளர் ஏழு பேர். அவர்கள் நின்றார்கள், அவர்களுக்கு நாற்காலி போடவில்லை.

"யாராவது வாக்குமூலம் தர்றீங்களா?" என்றார் அதிகாரி.

திருமாறன் தாளை யூனிஸிடம் நீட்டினான்.

"நீங்க படிங்க மேடம்."

பதினான்கு வருடமாக அவன் எழுதியதையெல்லாம் திருத்தியவர், கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"உன் கையெழுத்து எனக்குப் புரியாது. நீயே படி."

அவன் படித்தான். ஆழம். தேதி. பெட்டி எண். கடைசி வரிக்கு முன் நிமிர்ந்து பார்த்தான். சடையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"மரக்கட்டையை எடுத்தவர் பெயர்: அ. திருமாறன்."