கழுத்து மட்டத் தண்ணீர்

"என் கையில என்ன சாபம் தாயி? இன்னைக்கும் குஞ்சு செத்து மிதக்குது."

சொல்லிவிட்டு ஆறுமுகநயினார் குளக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீரை இறைத்து இறைத்துத் தோள் இறங்கிப்போயிருந்தது.

கெண்டை வளர்த்தே தலை நரைத்தவர். இப்போது விரால் வளர்க்க ஆசைப்பட்டு, மகள் வயதுள்ள பேராச்சியைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

"தீனி?" என்றாள் பேராச்சி.

"நேரத்துக்குப் போடுதேன். வயிறு நிறைஞ்சுதான் சாவுது."

"தண்ணி?"

"அதுல குறையே கிடையாது. மேல மேல வந்து வாயைப் பிளக்குது. கெண்டை அப்படி வந்தா புதுத்தண்ணி விடணும்லா? விட்டேன். கழுத்து மட்டம் நிக்கி. குஞ்சு இன்னும் மேல வருது. இன்னும் விடுதேன்."

சற்று மூச்சு வாங்கினார்.

"இந்த மிச்சமும் போச்சுன்னா, குளத்தைத் தூர்த்துட்டு மகன் வீட்டு வாசல்ல போய்க் கிடக்க வேண்டியதுதான்."

"உள்ள இறங்குங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"குருன்னு சொன்னீயள்லா?"

இறங்கினார்.

"அடியில உட்காருங்க."

மூழ்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை வெளியே வந்தது.

"யாரு எந்திரிக்கச் சொன்னது?"

"மூச்சு முட்டுது தாயி!"

"விட்டாச்சுல்லா? உட்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். பேராச்சி கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, தள்ளாடுதீய? பசியா? தீனி போடவா?"

"தீனியா! காலு ஓஞ்சுபோச்சு. மூச்சு விட ஏறி ஏறி இறங்கியே உசுரு போயிரும் போலிருக்கு..."

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

அவர் மூக்குக்கு நேராக ஒரு விரால் குஞ்சு மேலே வந்தது. ஒரு வாய் காற்றைக் கவ்வியது. திரும்ப அத்தனை ஆழமும் இறங்கிப்போனது.

பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதற்கு வாலை அசைக்கக்கூடத் தெம்பில்லை.

நயினார் மடைப் பக்கம் திரும்பினார்.

"இது கெண்டை இல்ல, காத்துலதான் மூச்சு விடுது. மடையைத் திற தாயி."

பேராச்சி கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். வலை கட்டிய மடையின் பலகையைப் பிடித்தாள்.

"எதுவரைக்கும் வடியணும்?" என்று கேட்டார்.

"உட்காருங்க அண்ணாச்சி. எந்திரிக்கத் தோணாதப்போ கையைக் காட்டுங்க."