கொட்டகைக்குக் கொண்டி

மலையடிவார மடத்துக் குருவைவிட அவருடைய சீடர் தாண்டவராயருக்கு வயது கூடுதல். ஞானத்துக்கு வயது தடையில்லை என்று நூல்கள் சொல்கின்றன. முட்டிவலியைப் பற்றி அவை பேசுவதில்லை. ஆகவே அன்று குருவே சீடர் வீட்டுக்கு நடந்து வந்தார்.

கொல்லையில் ஒரு கொட்டகை போட வேண்டும். தாண்டவராயர் ஒரு வருஷமாக அதை வரைவதும் கிழிப்பதுமாக இருந்தார்.

"ஒன்பதடி அகலம் ஆகாது சாமி. பீடை என்கிறது மனையடி சாஸ்திரம். எட்டடி வைத்தால் பாக்கியம்."

"உள்ளே என்ன வைக்கப்போகிறீர்?"

"ஒரு சின்ன சைக்கிள். ஊஞ்சல் பலகை. புத்தகப் பை."

"சைக்கிளுக்குப் பாக்கியம் எதற்கய்யா?"

தாண்டவராயர் சிரிக்கவில்லை. கொல்லை வாசலில் நின்ற அவர் மனைவி செண்பகவல்லிதான் பேசினாள்.

"சீக்கிரம் போடச் சொல்லுங்க சாமி. பேத்தி குயிலி எங்களை விட்டுப் போய் வருஷம் திரும்பிடுச்சு. சைக்கிள் இன்னும் கூடத்துலயே நிக்குது. காலையில அதைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுடின்னு கத்த வாயெடுத்துடறேன்."

குரு முளைக்குச்சிகளை எடுத்தார். சீடர் சொன்ன அளவுக்கு மூலைகளில் அடித்துக் கயிறு கட்டினார்.

"கதவு?"

"கிழக்கே."

குரு கிழக்குப் பக்கம் போய், இல்லாத கதவுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினார்.

"கொண்டி இங்கேயா?"

"இன்னும் கீழே."

"இங்கே?"

"இன்னும் கொஞ்சம்."

கை இடுப்பளவுக்கு இறங்கிய பிறகுதான் தாண்டவராயர் தலையாட்டினார். செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த அளவு எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று குரு கேட்கவில்லை. தாண்டவராயரே சொன்னார்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளே திறந்து எடுத்துக்குவா, யாரையும் கூப்பிட..."

பாதியில் நின்றார்.

"தப்புதான் சாமி. மேலே வைத்துவிடுகிறேன்."

குரு அந்த உயரத்திலேயே, இல்லாத கொண்டியை மெல்ல விலக்கினார். கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். சைக்கிள் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார்.

"அந்தக் கொண்டி அங்கேயே இருக்கட்டும். உள்பக்கம் இன்னொன்று வையும், உம்முடைய உயரத்துக்கு."

"உள்பக்கம் எதற்கு சாமி?"

"உள்ளே போகப்போகிறவர் நீர்தானே. வெளியே வர வேண்டாமா?"