இரண்டாய்ப் பிளந்த லெட்டூஸ்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். கோத்தகிரியில் சாரல் விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை.

"என் மனைவி சாப்பிடவே மாட்டேங்கிறா, அம்மா."

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் பரஞ்சோதி, ஆசிரமச் சமையற்கட்டின் வாசலில் நின்றார். உள்ளே அடுப்படியில் இருந்த கனகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஊர் கனகவல்லியைத்தான் குரு என்றது.

"என்ன குடுத்தீங்க, வாத்தியாரே?"

பரஞ்சோதி பைக்குள் கைவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி லெட்டூஸ் கீரை ஒன்றை எடுத்தார்.

"காமாலையில கிடந்து எழுந்தவ. பத்து நாளா ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. துரும்பா இளைச்சுட்டா. இதைப் பச்சையா குடுத்தேன். இலையைக் கிண்ணம் மாதிரி வச்சுச் சுண்டல் போட்டும் குடுத்தேன்."

"இதுல என்ன இருக்கு?"

கேட்டதுதான் தாமதம், பரஞ்சோதி அடுக்கினார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தண்ணி. ஃபோலேட் சத்து உண்டு. வெளி இலையில வைட்டமின் ஏ, கே. உள்குருத்துல அது கம்மி, இனிப்பு ஜாஸ்தி."

"அவங்ககிட்டயும் இதைச் சொன்னீங்களா?"

"ஒவ்வொரு வாய்க்கும் சொன்னேன்."

"அதுக்கு?"

பரஞ்சோதியின் குரல் இறங்கியது. "'இது சாப்பாடா, பரீட்சையா'ன்னு கேட்டா."

கனகவல்லி லெட்டூஸை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்தார். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் சிவக்கும்வரை கவிழ்த்து வைத்தார். மிளகும் எலுமிச்சையும் சேர்த்து ஒரு பாதியைத் தட்டில் வைத்தார்.

"உட்கார்ந்து சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். கனகவல்லி காகிதமும் பென்சிலுமாக அவர் தோளருகே வந்து நின்று, வாயையே உற்றுப் பார்த்தார்.

முதல் வாய்.

"ஃபோலேட் உள்ள போச்சு." குறித்துக்கொண்டார்.

இரண்டாவது வாய்.

"வெளி இலையை ஒதுக்காதீங்க. வைட்டமின் ஏ அதுலதான்."

மூன்றாவது வாயைப் பரஞ்சோதி தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"ஏன், நல்லா இல்லையா?"

"ருசியாத்தான் இருக்கு. ஆனா நீங்க இப்படிப் பக்கத்துல நின்னுக்கிட்டு..."

 பரஞ்சோதியின் காது மடல்கள் சிவந்தன.

கனகவல்லி மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"பனி இன்னிக்கு விலகாது போலிருக்கு," என்றபடி சாப்பிடத் தொடங்கினார்.

மறுநாள் காலை கனகவல்லி ஆசிரமப் பாத்தியில் களை பறித்தார். பரஞ்சோதி தம் வீட்டில் ஒரு லெட்டூஸை வாட்டி, இரண்டு தட்டுகளில் வைத்து, மனைவி நாச்சியாருக்கு எதிரே அமர்ந்து, தம் பாதியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

நாச்சியார் தன் தட்டைக் காலி செய்தாள். பிறகு அவர் தட்டில் கை வைத்தாள்.

"உங்களுதுலதான் மிளகு சரியா இருக்கு."